கயிற்றை விட்டு நடந்த திங்கட்கிழமை

1934ஆம் ஆண்டு பிப்ரவரி 12, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கோப்பி போட்டுக் குடித்தேன். முந்தின நாள் துவைத்துக் காயவைத்த சாக்குகளை மடித்துப் பையில் வைத்தேன். தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தேன். ஒரு முடிச்சில் கட்டியிருந்த மஞ்சள் துணி நைந்திருந்தது, மாற்றினேன். ரயில் கொட்டகையின் முதல் சங்கு ஊதியபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடந்துகொண்டிருந்தேன்.

அன்றைய என் நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. திங்கட்கிழமை எங்கள் பாலர் வகுப்பு வெளியே போகும் நாள்.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, சென்ற டிசம்பரில்தான் வேலையிலிருந்து விலகினேன். இப்போது அந்த வகுப்பை நடத்தும் இளம் ஆசிரியைகள் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். சுவரில் மாட்டும் வண்ணப் படங்கள் கட்டுக்கட்டாக வந்திருக்கின்றனவாம். யானை, கப்பல், சந்தை எல்லாம் அதிலேயே இருக்கும்போது ஆறு வயதுகூட ஆகாத பிள்ளைகளைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போக வேண்டுமா என்று கேட்டார்கள். ஒருத்தி, "வண்டி வாசி எல்லாம் ஓடுற ரோட்டுல பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது டீச்சர்?" என்றாள். நியாயமான பயம்.  அவர்கள் போன பிறகு பழைய நாட்குறிப்புகளை எடுத்து அந்தத் திங்கட்கிழமையைத் தேடிப் படித்தேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிள்ளானில் பிறந்தேன். அங்கே பெண்கள் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆசிரியை ஆனேன். என் கணவர் போனபின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். ரயில் ஊழியர் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சிறிய பள்ளி அது. மரக்கால்களின்மேல் நிற்கும் பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. அதன் தலைமை ஆசிரியை பாக்கியம் அம்மாள். பிள்ளைகளும் பெற்றோரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நானும் அப்படியேதான் கூப்பிட்டேன்.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் ஒரு படத்தைக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்த பாடப் படம். ஒரு சிறுமி பனியில் நிற்கிறாள், கையில் ஆப்பிள், பக்கத்தில் நரி.

"இதுல நம்ம பிள்ளைங்க பாத்தது எது ராஜம்?" என்று கேட்டார்.

யோசித்துவிட்டு, "சிறுமி" என்றேன்.

"அவ போட்டிருக்கிற கம்பளிச் சட்டைய எடுத்துட்டா." படத்தைக் கவிழ்த்து வைத்தார். "பின்பக்கம் நல்ல வெள்ளைத் தாள். வரையறதுக்கு ஆகும்."

அந்தப் படங்களின் பின்பக்கத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பல ஆண்டுகள் வரைந்தார்கள். கரி, மஞ்சள், துணிக்குப் போடும் நீலம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தூரிகை செய்துகொண்டோம். களிமண்ணை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து கொடுப்பது என் வேலை.

பெரிய டீச்சருக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, பார்க்காததைச் செய்யக்கூடாது. இரண்டு, இன்று பார்த்ததை நாளைக் காலையில்தான் செய்ய வேண்டும். முதலாவது எனக்கு உடனே புரிந்தது. இரண்டாவது புரியச் சில காலம் ஆயிற்று. ஒருமுறை பிள்ளைகளை ரயிலில் கிள்ளானுக்குக் கூட்டிப்போனோம். ஆறு, படகு, பாலம் எல்லாம் காட்டினோம். திரும்பும்போது எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். சூடு ஆறுவதற்குள் வரையவிட்டால் நன்றாக இருக்குமே என்று அன்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை தாளைக் கொடுத்தபோது ஆற்றை வரைந்தவர்கள் மிகச் சிலர். ஒருத்தி ரயில் ஜன்னலில் ஒட்டியிருந்த தும்பியை வரைந்தாள். ஒருவன் தன் பக்கத்தில் தூங்கியவனின் காதை வரைந்தான். "தூங்கி எழுந்தும் எது மிச்சமிருக்கோ அதுதான் அந்தப் பிள்ளையோடது. மத்ததெல்லாம் நாம காட்டினது" என்றார் பெரிய டீச்சர்.

வேலையைப் பார்த்து அவர் நன்று, மோசம் என்று சொல்லமாட்டார். பிள்ளையின் பக்கத்தில் நின்று, "அப்புறம்?" என்று மட்டும் கேட்பார். பிள்ளை இன்னும் ஏதாவது சொல்லும். மறுபடி, "அப்புறம்?" என்பார். பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லாதபோது நகர்ந்துவிடுவார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. பேசும்போது முந்தானையை வாயருகே பிடித்துக்கொள்வார். நான் வருவதற்கு முன்பே ஒரு மழைநாளில் பள்ளிப் படியில் விழுந்து மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டனவாம். அதிலிருந்து அந்தப் பழக்கம். பெற்றோரிடமும் என்னிடமும் பிள்ளைகளிடமும் அப்படியேதான் பேசுவார். பழகியவர்களுக்கு அது அவருடைய முகத்தின் ஒரு பகுதிபோல ஆகிவிட்டது.

கயிறும் அவருடைய ஏற்பாடுதான். நீளமான கயிற்றில் ஒரு பிள்ளைக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிறத் துணி. பிள்ளைகள் அவரவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். முன்னால் பெரிய டீச்சர் கையில் சிறு மணியோடு. பின்னால் நான். மணி ஒருமுறை அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு முறை அடித்தால் புல் ஓரத்தில் ஏற வேண்டும். மூன்று முறை அடித்தால் உட்கார வேண்டும். பாசார் என்கிற சந்தை, வண்ணார் துறை, மாட்டுக் கொட்டகை, சிங்க ஆட்டத்துக்குத் தலை செய்யும் சீனர் கடை என்று எங்கே போனாலும் கயிறும் மணியும் கூடவே வரும். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

வேலு என்று ஒரு பையன் அப்போது வகுப்பில் இருந்தான். அப்பா முனியாண்டிக்கு ரயில் பாதையில் கைகாட்டி விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டும் வேலை. அம்மா பச்சையம்மா ரயில் குடியிருப்புகளில் பாத்திரம் தேய்த்தாள். வேலுவுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. பேசுவான், ஆனால் கொஞ்சமாக, சத்தமாக. என் பாயில் எதிரே உட்கார்ந்திருந்தால் சொன்னதைச் செய்வான். கயிற்றைப் பிடித்து நடக்கும்போது அவனைப்போல ஒழுங்காக நடப்பவன் கிடையாது. ஆனால் பெரிய டீச்சர் சொன்னால் கேட்கமாட்டான். அவர் கூப்பிட்டால் வரமாட்டான். "அப்புறம்?" என்று கேட்டால் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பான்.

பெரிய டீச்சருக்கு இது உறுத்தியது. மற்ற யாரிடமும் இல்லாத வம்பு தன்னிடம் மட்டும் ஏன் என்று நினைத்தார். மாதக்கணக்கில் பொறுத்தார். மற்றப் பிள்ளைகளும் அவனைப் பார்த்து அதேபோல நிற்கத் தொடங்கியபோது, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை முனியாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை நடந்தால் பையனை வைத்துக்கொள்ள முடியாது. முனியாண்டி தலையாட்டிவிட்டுப் போனார். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். அப்படி ஆனால் பையன் அங்கே மாடு மேய்க்கட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டதாக மறுநாள் பச்சையம்மா என்னிடம் அழுதாள். ஒரே பிள்ளை அவளுக்கு.

இனி அந்தத் திங்கட்கிழமை.

அன்று போனது ஆற்றோரச் செங்கல் சூளைக்கு. இரண்டு நாளில் சீனப் புத்தாண்டு. சூளையைச் சாத்துவதற்கு முன் இருக்கும் செங்கலையெல்லாம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. சூளை முதலாளியான தவுக்கே எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார். பிள்ளைகள் அச்சுப் பெட்டியில் மண்ணை அடித்து நிரப்புவதையும், கம்பியால் வழிப்பதையும், பெட்டியைத் தட்டியதும் செங்கல் முழுசாக வெளியே விழுவதையும் பார்த்தார்கள். வேலு அச்சுப் பெட்டிக்காரரின் பக்கத்தில் குந்திக்கொண்டு அவர் கையோடு தன் கையையும் காற்றில் அசைத்துக்கொண்டிருந்தான்.

புறப்படும் நேரத்தில் தவுக்கே பிசைந்த மண் குவியலைக் காட்டி, "அம்பில், அம்பில். பான்யாக் அடா" என்றார். நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள் என்று பொருள். நான் சாக்கை விரித்தேன். ஆனால் பிள்ளைகள் அதற்குள் ஆளுக்கொரு உருண்டையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"சாக்குல போடுங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். கலந்துபோயிடும். இது என்னோடது" என்றாள் லட்சுமி.

"என்னோடதுதான் பெருசு."

"உன்னோடது பெருசு, உள்ள கல்லு."

பெரிய டீச்சர் கயிற்றைப் பார்த்தார். பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார். "ரெண்டு கையும் மண்ணுல இருக்கு. கயிறை எதால பிடிப்பாங்க?" என்றார். பிறகு, "சரி, ஒரு நாள்தானே. புல் ஓரமாவே போவோம். நீ கடைசில இரு" என்றார். நான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். கயிறில்லாமல் எங்கள் வகுப்பு தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை.

பாதித் தூரம் ஒழுங்காகவே வந்தோம். பிறகு வரிசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைப் பக்கம் சரிந்தது. பின்னால் செங்கல் வண்டி ஒன்று வந்தது. இறக்கம் என்பதால் மாடுகள் வேகமாக வந்தன. பெரிய டீச்சர் திரும்பிப் பார்த்து மணியை இரண்டு முறை அடித்தார். பிள்ளைகள் மண்ணோடு புல்மேல் ஏறினார்கள். வேலு ஏறவில்லை. மண் உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே சாலை நடுவில் நடந்தான். பெரிய டீச்சர் மறுபடி இரண்டு முறை அடித்தார். வண்டிக்காரர் கத்தினார். நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் புல்லில் விழுந்தோம். சக்கரம் அவனுடைய மண் உருண்டைமேல் ஏறி இறங்கியது.

வண்டிக்காரர் கொஞ்ச தூரம் போய் மாடுகளை நிறுத்தினார். "யாரு பெத்த பிள்ளையோ, ரோட்ட விலைக்கு வாங்கினவன் மாதிரில்ல நடக்குது" என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து பையனின் கைகாலைத் தடவிப் பார்த்தார்.  அடி எதுவுமில்லை. வேலு நசுங்கிய மண்ணைப் பார்த்துத்தான் அழுதான்.

பெரிய டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. "பாத்தியா ராஜம்? ரெண்டு தடவை அடிச்சேன்" என்றார்.  பள்ளிக்கு வந்ததும், "பிள்ளையோட அம்மா வந்தா, நாலு மணிக்கு அவன் அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. இனிமே என்னால இந்தப் பயத்தோட இருக்க முடியாது" என்றார்.

பகலில் மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பச்சையம்மா வேலை முடிந்து வர எப்போதும் தாமதமாகும். நான் எல்லா உருண்டைகளையும் ஈரச் சாக்கில் சுற்றிவிட்டு வேலுவைத் தேடினேன். பக்கவாட்டில் கூரை நிழலில் போன வாரத்து மண் வேலைகளை ஒரு பலகையில் காயவைத்திருந்தோம். அதன் முன்னால் நின்றிருந்தான்.

போன வாரம் போனது பாசாருக்கு. மற்றவர்கள் மீன், பூசணி, தராசு, கூடை என்று செய்திருந்தார்கள். வேலு செய்தது தலைகள் மட்டும். உருட்டி வைத்த தலைகள், வரிசையாக. ஒவ்வொன்றிலும் குச்சியால் குத்திய பெரிய வாய். நான் முன்பே அவற்றைப் பார்த்திருக்கிறேன்; பாசாரில் கூவுகிறவர்கள் என்று எண்ணிக்கொண்டேன். அன்று சும்மா நின்று பார்த்தபோது ஒரு தலையில் மட்டும் வாய் இல்லை என்பது தெரிந்தது. கண் இருந்தது, கொண்டை இருந்தது. வாய் இருக்கவேண்டிய இடம் கட்டைவிரலால் மழமழவென்று தடவப்பட்டிருந்தது.

அவன் எதிரே குந்தி, "இது யாரு?" என்று கேட்டேன்.

"பெரிய டீச்சர்."

"ஏன் வாய் வைக்கல?"

"பெரிய டீச்சருக்கு வாய் இல்ல" என்றான், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறவன்போல.

அவன் என் கண்ணைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதுமே அப்படித்தான் பார்த்திருக்கிறான். எழுந்து அவனுக்குப் பின்னால் போனேன். "வேலு" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஒரு தலையின் வாயை விரலால் ஆழமாக்கிக்கொண்டிருந்தான். உள்ளே போய் மணியை எடுத்துவந்து அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு முறை அடித்தேன். எதுவுமில்லை. அவன் நின்ற பலகைத் தளத்தை என் குதிகாலால் உதைத்தேன். உடனே திரும்பிச் சிரித்தான்.

கயிற்றில் அவன் ஒழுங்காக நடந்ததன் காரணம் அப்போது புரிந்தது. முன்னால் போகிறவன் நின்றால் கயிறு தொய்யும். ஒதுங்கினால் கயிறு ஒதுங்கும். அவன் கை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற நாங்கள் கட்டிய முடிச்சுகள், இத்தனை மாதமாக அவனை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தன.

உள்ளே போய்ப் பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

"பேசுறானே ராஜம். பேசுற பிள்ளைக்குக் காது கேக்காம இருக்குமா?" என்றார்.

"கொஞ்சம் கேக்குது போல. இல்லைன்னா முன்னாடி கேட்டிருக்கு, இப்ப போயிடுச்சு. நீங்களே வந்து பாருங்க."

வந்தார். பலகை முன்னால் குனிந்து அந்தத் தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதற்குள் பச்சையம்மா வந்துவிட்டதால் நான் நாலு மணிச் செய்தியைச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். பெரிய டீச்சர் அதே இடத்தில் இருந்தார்.

"எனக்கு வாய் இல்லையாமா?" என்றார்.

"அவன் பாத்ததில்ல. பாக்காததைச் செய்யக்கூடாதுன்னுதானே சொல்லியிருக்கோம்."

அந்தத் தலையைக் கொண்டுபோய்த் தன் மேசைமேல் வைத்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. முனியாண்டி எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்தார். அவருக்குப் பின்னால் பச்சையம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேலு. முனியாண்டி உட்காரவில்லை.

"டீச்சரம்மா, நீங்க சொல்லவே வேணாம். மணி அடிச்சும் நகரலைன்னு இவ சொன்னா. நாளைக்கே டெங்கிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு இனிமே இந்தச் சூசா, இந்தத் தொல்லை வேணாம்."

பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்து வேலுவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். முந்தானை வாயருகே போனது. பாதி வழியில் நின்றது. அதை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் அவருடன் வேலை செய்த அத்தனை ஆண்டுகளில் அந்த வாயை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். முனியாண்டி தரையைப் பார்த்தார்.

"வேலு" என்றார், மழையில் எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "கதவுகிட்ட உங்கம்மா குடை இருக்கு. எடுத்துட்டு வா."

வேலு போனான். குடையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு நகராமல் அவர் வாயையே பார்த்தான். பிறகு தன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டி, வீடே அதிரும்படி சொன்னான்: "பெரிய டீச்சருக்கும் பல்லு விழுந்துடுச்சு. எனக்கும்."

அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பெரிய டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தம் இருந்தது. பச்சையம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பச்சையம்மா நினைவுபடுத்திச் சொன்னாள்: மூன்று வயதில் காய்ச்சல், இரண்டு காதிலும் சீழ், எண்ணெய் காய்ச்சி ஊற்றியதில் நின்றது. "அப்புறம் கூப்பிட்டா வரமாட்டான். அப்பன் மாதிரி, காதுல வாங்கிக்காத சாதின்னு நினைச்சுட்டேன்."

"என்னைய இழுக்காத" என்றார் முனியாண்டி. அவர் வேலுவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப காது கேக்காதவன். ரயில்ல எடுக்கமாட்டாங்க டீச்சரம்மா. என் விளக்கு வேலைகூடக் கெடைக்காது. இவன் படிச்சு என்னா ஆவப்போறான்? மாடாச்சும் மேய்க்கட்டுமே."

அன்று காலைதான், பையனை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தவர் பெரிய டீச்சர். இப்போது அவனைக் கேட்டு வாங்க வேண்டியவரும் அவர்தான்.

"என்ன ஆவான்னு எனக்குத் தெரியாது முனியாண்டி" என்றார். "ஆனா பிள்ளை நம்ம வாயப் பாத்துத்தான் பேச்சைப் பிடிச்சு வச்சிருக்கான். மாடு அசைபோடும், பேசாது. அங்க நாள்பூரா மாட்டு முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தா இருக்கிற பேச்சும் போயிடும். ஆஸ்பத்திரியிலயும் ஒருதடவை காட்டுவோம், நான் கூட வரேன்."

"நீங்க நாள்பூரா இவனுக்கு மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்க முடியுமா? மத்தப் பிள்ளைங்க இருக்கு."

"காட்டுறேன்."

"பேசுறதுதானா கஷ்டம்?" என்றாள் பச்சையம்மா தன் கணவரைப் பார்த்து. "வாய மூடாம பேச வீட்டுல ஒருத்தி இருக்கான்னு தெருவெல்லாம் சொல்லுவீங்களே. நான் பேசுறேன் அவனுக்கு. இங்கயே இருக்கட்டும்ங்க."

முனியாண்டி சிரிக்கவில்லை. "எங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து நிப்பாரு" என்றார். வெளியே மழையைப் பார்த்தார். "விளக்குக்கு நேரமாச்சு. காலையில பிள்ளை இங்க வந்தா, படிக்கிறான்னு வச்சுக்குங்க. வரலைன்னா போயிட்டான்னு அர்த்தம்."

குடையை வாங்கிப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். அவர்களும் போனார்கள். வேலு படியிறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். பெரிய டீச்சர் முந்தானையை இடுப்பிலிருந்து எடுக்காமலேயே நின்றார். அன்று நாட்குறிப்பில் நான் எழுதிய கடைசி வரி: "மண் சாக்கில் இருக்கிறது. வேலுவுக்கு உருண்டை இல்லை. மற்றவர்களிடம் கொஞ்சம் கொஞ்சம் கேட்க வேண்டும்."

மறுநாள், செவ்வாய்க்கிழமை, வழக்கத்தைவிட முன்னதாகப் போனேன். பள்ளிக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய டீச்சர் தனியாகத் தன் மேசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மேசை எப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டிக் கிடக்கும். ஜன்னல் வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வரும். எதிரே உட்காரும் பிள்ளைக்கு அவர் முகம் ஒரு நிழலாகத்தான் தெரியும். அன்று விடிவதற்குள் அவர் வந்து, பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்து, அங்கிருந்து தன் நாற்காலியைப் பார்த்திருக்கிறார்.

"எதிர்ச் சுவருக்குத் தள்ளிடுவோம். என் மூஞ்சில வெளிச்சம் படணும்" என்றார்.

"அவன் வருவானான்னு தெரியலையே" என்றேன்.

"வந்தப்புறம் தள்ளினா சத்தமா இருக்கும்" என்றார். அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மலாய்க்காரர்கள் செங்கல் என்று சொல்லும் கனத்த காட்டு மரத்தில் செய்த மேசை அது. நாங்கள் இருவரும் இழுத்ததில் ஒரு முழம்கூட நகரவில்லை. பலகைத் தளம்தான் கிரீச்சிட்டது. மூச்சு வாங்க நின்றபோது படியில் காலடி கேட்டது. பச்சையம்மா. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரி விட்ட வேலு அவளுக்கு முன்னால் ஏறி வந்தான்.

நாங்கள் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அவரு ஒண்ணும் சொல்லலைங்க. விளக்க எடுத்துக்கிட்டுப் போறப்ப, அண்ணன் வந்தா பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கான்னு சொல்லுன்னு மட்டும் சொன்னாரு."

கையிலிருந்த மூட்டையை வைத்துவிட்டு மேசையின் ஒரு காலைப் பிடித்தாள். நான் ஒரு காலைப் பிடித்தேன். பெரிய டீச்சர் ஒன்று. வேலு எங்களைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், மிச்சமிருந்த காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்திப் பெரிய டீச்சரின் வாயைப் பார்த்தான்.

"தூக்கு" என்றார் அவர்.

நாலு பேரும் தூக்கினோம்.